வண்டி ஓட்டுநர் – ஒருவர்

ஆறு ஒரு பக்கமாகத்தான் ஓடும். இது தெரியாதவர் யாரும் இல்லை. ஆனால் அதனால் ஒருத்தன் பிழைப்பு எப்படி நாறும் என்பது எனக்குத்தான் தெரியும். மேலே ஓரிடத்தில் கயாக் என்கிற ஒற்றை ஆள் படகை இறக்கி, பதினெட்டு கிலோமீட்டர் பாறையிலும் நுரையிலும் முட்டி மோதி, கீழே ஓரிடத்தில் கரையேறுகிறார்கள். அப்புறம்? ஈரத்துணியோடு படகைத் தலையில் வைத்துக்கொண்டு மலையேறித் திரும்பி வருவார்களா? யாராவது ஒருத்தன் வண்டியை மலை சுற்றிக் கீழே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அந்த யாராவது ஒருத்தன் நான். ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, பதினோரு வருஷம்.

முதல் தடவை எனக்கு நீச்சல் தெரியாது. வண்டி நன்றாக ஓட்டுவேன். முடிந்தது கதை. ஒரு விசேஷத்தில் பாத்திரம் கழுவியவன் கையில்தான் அடுத்த விசேஷத்திலும் பாத்திரத்தைக் கொடுப்பார்கள்.

நாங்கள் முதலில் மூன்று பேர். ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. கேப்டன் அச்சகம் வைத்திருக்கிறான். கல்யாணப் பத்திரிகையும் ரசீதுப் புத்தகமும் அடித்துக் கொடுப்பவன் எப்படிக் கேப்டன் என்றால், எட்டாம் வகுப்பில் கால்பந்துக் குழுவுக்கு இரண்டு மாதம் தலைவனாக இருந்தான். அந்தப் பதவியை விட்டு அவன் இன்னும் இறங்கவில்லை. இன்னொருத்தன் மருந்துக்கடைக்காரன். அவனுக்குப் பெயர் மாத்திரை. நான் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். பத்து மாடிக் குழிக்குள் கம்பிக் கயிற்றில் தொங்கிக்கொண்டு கிரீஸ் பூசுகிற வேலை. என்னை ‘லிஃப்டு’ என்பார்கள். “லிஃப்டுதானே, நமக்கு லிஃப்ட் குடுக்கட்டும்” என்று மாத்திரை ஒவ்வொரு பயணத்திலும் ஒரு தடவையாவது சொல்லிவிட்டுத் தானே சிரிப்பான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் என் மச்சினனும் சேர்ந்துகொண்டான். என் மனைவியின் தம்பி. சுற்றுலா நிறுவனத்தில் வேலை, நாலு பாஷை பேசுவான். வந்த முதல் தடவையே அவனைப் படகில் உட்காரவைத்துத் துடுப்பைக் கையில் கொடுத்தார்கள். நேற்று முளைத்தவன் படகில் போகிறான், நான் அவன் செருப்பை வண்டியில் எடுத்துக்கொண்டு போகிறேன். எனக்கு வயிறு எரிந்தது. எரியாது என்று சொல்கிறவன் மனுஷனே இல்லை.

அந்த வருஷமும் அடுத்த வருஷமும் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் ஒரு நாள் அச்சகத்துக்கே போய், மை நாற்றத்துக்கு நடுவில் நின்று, நேராகக் கேட்டுவிட்டேன். “நானும் ஆத்துல வரணும்டா.”

கேப்டன் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய மரியாதையாக இருந்தது. “சரிடா. முதல்ல நீச்சல் கத்துக்க. அப்புறம் கவிழ்ந்த படகை உள்ள உக்காந்தபடியே நிமிர்த்தக் கத்துக்க. அடுத்த பெரிய ஆத்துல நீயும் வர்றே. இது என் வாக்கு” என்றான்.

நாற்பத்து மூன்று வயதில் நகராட்சி நீச்சல் குளத்தில் சேர்ந்தேன். இரண்டு வருஷம், ஞாயிறு தவறாமல். மூக்கில் குளோரின் ஏறி திங்கட்கிழமை வரை எரியும். முதலில் மிதந்தேன், பிறகு நீந்தினேன். பிறகு ஒரு பழைய மஞ்சள் கயாக் வாங்கினேன். தலைகீழாகத் தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டு, இடுப்பை வெட்டி, துடுப்பை வீசி, படகோடு நிமிர வேண்டும். பயிற்சிக்காரர் கரையில் நின்று எண்ணுவார். பத்துக்கு ஒன்று, பத்துக்கு மூன்று என்று ஏறி, கடைசியில் பத்துக்கு எட்டு நிமிர்ந்தேன்.

இதில் என் மனைவியைச் சொல்லியாக வேண்டும். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள். ஒரு நாளைக்கு அறுபது கைகளில் ஊசி குத்துவாள். “ஒண்ணுமே இல்லைங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்” என்று அவள் சொன்னால் அழுகிற ஆள்கூட கையை நீட்டிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவளே துண்டும் மாற்றுத்துணியும் பையில் வைத்துத் தருவாள். திரும்பி வந்ததும் ஈரத்துணியை வாங்கிக்கொண்டு, “இன்னிக்கு எத்தனை?” என்பாள். சொல்வேன். நாள்காட்டியில் அந்த ஞாயிற்றின் மேல் பென்சிலால் குறித்து வைப்பாள். எட்டு என்று சொன்ன அன்று கேசரி கிண்டினாள்.

இந்த வருஷம் எல்லை தாண்டிப் போனோம். கூரைமேல் நாலு படகு. நாலில் ஒன்று மஞ்சள். மூன்று நாள் ஓட்டம், முழுக்க முழுக்க நான்தான் ஓட்டினேன். அங்கே போனதும் வண்டிக்கு வேறு ஆள் பிடித்துக்கொள்ளலாம், எனக்கு இதுதான் கடைசி என்று சந்தோஷமாகவே ஓட்டினேன். எல்லைச் சாவடியில் அதிகாரி கூரையைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். “நாலு பேரும் படகு ஓட்டுறவங்களான்னு கேக்கிறார் மாமா” என்றான் மச்சினன். நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஆமாம் ஆமாம் என்று ஆட்டினேன். கேப்டன் என் பக்கத்து சீட்டில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த ஆற்றில் நினைத்தவன் எல்லாம் இறங்க முடியாது. ஒரு வருஷம் முன்பே எழுதிப் போட்டு அனுமதி வாங்க வேண்டும். ஆற்றங்கரையில் அதற்கென்று ஓர் அலுவலகம். மரத்தாலான ஒற்றை அறை, மூலையில் ஹீட்டர், மேசையில் கயிறு கட்டிய பேனா. கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்த அம்மாள் எங்கள் பாஸ்போர்ட்டுகளை வாங்கி, கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். நாலு பெயர். மூன்று பெயருக்கு எதிரே சின்னதாகத் துடுப்புப் படம். என் பெயருக்கு எதிரே ஸ்டீயரிங் படம்.

பாஷை தெரியாவிட்டால் என்ன, படம் தெரியாதா?

“இது தப்பு. நானும் படகுன்னு சொல்லுடா” என்றேன் மச்சினனிடம். அவன் சொன்னான். அம்மாள் தாளின் அடியில் இருந்த வரியை விரலால் காட்டினார். ‘வண்டி ஓட்டுநர் – ஒருவர்’ என்று அதில் எழுதியிருப்பதாக மச்சினன் படித்துச் சொன்னான். கீழே கேப்டனின் கையெழுத்து. கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதி. போன வருஷம் மார்ச் மாதம்.

போன வருஷம் மார்ச்சில் நான் பத்துக்கு நாலு. அதற்குப் பிறகு ஐம்பது ஞாயிறு அந்தக் குளத்தில் தலைகீழாகத் தொங்கியிருக்கிறேன். நாலைந்து தடவை இவனே வந்து கரையில் நின்று கைதட்டியிருக்கிறான்.

நான் கேப்டனைப் பார்த்தேன். அவன் ஹீட்டரைப் பார்த்தான். மாத்திரைக்கு முகம் வெளுத்திருந்தது. அவனுக்கும் இது புதுசு என்று தெரிந்தது.

அம்மாள் நல்ல மனுஷி. என் முகத்தைப் பார்த்துவிட்டு வேகமாக ஏதோ சொன்னார். “மாத்திக்கலாமாம் மாமா! நாலு படகுக்கும் இடம் இருக்காம். தலைவர் ஒரு கையெழுத்துப் போட்டா போதுமாம். வண்டிக்கு இங்கேயே ஆள் குடுப்பாங்களாம்” என்று மச்சினன் சந்தோஷமாகச் சொன்னான். அம்மாள் கயிறு கட்டிய பேனாவைக் கேப்டன் பக்கம் தள்ளினார்.

கேப்டன் பேனாவை எடுத்தான். எடுத்து ஒரு நிமிஷம் வைத்திருந்தான். அப்புறம் மேசையில் வைத்துவிட்டான்.

“வேணாம்டா. நீ வண்டியை எடுத்துட்டு வா” என்றான்.

“ஏன்?”

“வேணாம்னா விடேன்.”

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே தாழி தானாக உடையவில்லை. என் கண் முன்னால் எடுத்து உடைத்தான். மாத்திரை, “டேய், ஒரு கையெழுத்துதானேடா” என்று இழுத்தான். கேப்டன் வெளியே போய் மூன்று படகை மட்டும் இறக்கினான். எட்டாம் வகுப்புப் பழக்கம், அவன் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. நானும் பேசவில்லை. வெட்கக்கேடு.

அவர்கள் பாறைக்குப் பின்னால் மறைந்ததும் வண்டியைக் கிளப்பினேன். மலையைச் சுற்றி ஐம்பத்து நாலு கிலோமீட்டர். பாதி வழியில் ஒரு பிரிவு. இடது பக்கம் போனால் கரையேறும் இடம். வலது பக்கம் போனால் நெடுஞ்சாலை, அப்படியே எங்கள் ஊர். மூன்று பேருடைய பாஸ்போர்ட்டும் டாஷ்போர்டில், உலர்ந்த துணி பின் சீட்டில். கிடக்கட்டும் சனியன்கள், ஈரத்தோடு நடுங்கட்டும் என்று வலது பக்கம் திருப்பினேன்.

ரோஷம் நாலு கிலோமீட்டர் தாங்கியது. ஐந்தாவது கிலோமீட்டரில் மச்சினனுக்குச் சளி பிடித்தால் அவன் அக்காவுக்கு யார் பதில் சொல்வது என்ற நினைப்பு வந்தது. வண்டியைத் திருப்பினேன். என்னைப் போல ஒரு மானங்கெட்டவன் கிடையாது.

கரையேறும் இடத்தில் ஜல்லி கொட்டிய வாகன நிறுத்தம், ஒரு கழிப்பறைக் கொட்டகை, ஓர் அறிவிப்புப் பலகை. வண்டியை நிறுத்தினேன். திட்டிக்கொண்டேதான் இறங்கினேன். ஆனால் கை தன் பாட்டுக்கு மூன்று துண்டையும் எடுத்து பானெட்டின் சூட்டில் விரித்தது. பதினோரு வருஷத்துக் கை, எஜமானனுக்குக் கோபம் வந்தது அதற்குத் தெரியவில்லை.

இரண்டரை மணிக்கு வந்து சேர்ந்தார்கள். தூரத்திலிருந்தே கூச்சல். மாத்திரைக்கு முகவாயில் சிராய்த்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது, ஆனால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்தான். மச்சினன் இரண்டு தடவை கவிழ்ந்தானாம். அதையும் ஏதோ பரிசு வாங்கியது போல் சொன்னான். கேப்டன் கடைசியாகக் கரையேறி, ஒரு கல்லில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் கேட்டான்.

“ஃப்ளாஸ்க்ல காபி இருக்காடா?”

நாக்கில் சனி உட்கார்ந்தது என்பார்களே, அந்த நேரம் அதுதான். அவன் பையனைப் பற்றி எனக்கு ஒரு விஷயம் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பயணத்தில், மற்ற இரண்டு பேரும் பின்னால் தூங்கிக்கொண்டிருக்க, கேப்டன் எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னது. வெளியூர்க் கல்லூரியில் பையனுக்கு இடம் கிடைத்த கடிதத்தை இவன் ஒளித்து வைத்துவிட்டான். அச்சகத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று. பையன் கண்டுபிடித்து, வீட்டைவிட்டுப் போனவன் போனவன்தான். சொல்லி முடித்து இவன் அழுதான். நான் வண்டியை ஓரமாக நிறுத்தி முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

“காபியா கேக்கிறே?” என்றேன். “பெத்த பிள்ளையோட காலேஜ் கடுதாசியவே ஒளிச்சு வெச்சவன்தானேடா நீ! நான் எந்த மூலைக்கு? உன் பையன் உன் மூஞ்சில முழிக்காமப் போனானே, அவன் புத்திசாலி. நானா இருந்தா செருப்பால அடிச்சுட்டுப் போயிருப்பேன்!”

மாத்திரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். மச்சினன் தரையைப் பார்த்தான். பையன் மேல்படிப்புக்குப் போயிருக்கிறான் என்றுதான் ஊருக்கே சொல்லி வைத்திருந்தான் கேப்டன். அவன் ஹெல்மெட் பட்டையைக் கழற்றப் பார்த்தான். விரல் விறைத்திருந்ததோ என்னவோ, கழற்ற வரவில்லை.

நான் அங்கே நிற்காமல் கொட்டகைப் பக்கம் நடந்தேன். அங்கேதான் ஃபோனில் சிக்னல் கோடு வரும். அவளிடம் கொட்டித் தீர்க்க வேண்டும், இவன் எனக்குப் பண்ணிய துரோகத்தைச் சொல்லி அழவேண்டும் போல இருந்தது. முதல் மணியிலேயே எடுத்தாள்.

“ஏங்க, சாப்பிட்டீங்களா? மலைப்பாதையில அவ்வளவு தூரம் வளைச்சு வளைச்சு ஓட்டினது முதுகு வலிக்குதா?”

நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

“நான் வண்டி ஓட்டினேன்னு உனக்கு யாரு சொன்னது?”

பின்னால் அவளுடைய நிலையத்தில் யாரோ வரிசை எண்ணைக் கூப்பிடுவது கேட்டது.

“சொல்லு. நான் இன்னிக்கு ஆத்துல போறேன்னுதானே உனக்குச் சொல்லிட்டு வந்தேன்? புருஷன் உயிரோட கரையேறினானான்னு கேக்காம, முதுகு வலிக்குதான்னு கேக்கிறே?”

“நான்தான் கேப்டன் அண்ணன்கிட்ட கேட்டுக்கிட்டேன்” என்றாள். அதே குரல், ஊசி குத்துகிறபோது பேசுகிற குரல். “கோவப்படாதீங்க. ஒண்ணுமே இல்லை.”

“எப்போ கேட்டே?”

“நீங்க நீச்சல்ல சேர்ந்தீங்கல்ல, அந்த வாரம்.”

நான் கொட்டகைச் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

“அவர் முதல்ல ஒத்துக்கவே இல்லைங்க. வாக்குக் குடுத்துட்டேன்மான்னாரு. நான் அழுதேன். உங்ககிட்டயும் சரி, வேற யாருகிட்டயும் சரி, சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன். நீங்க லிஃப்ட் குழிக்குள்ள இறங்குற ஒவ்வொரு நாளும் நான் ஃபோனையே பாத்துட்டு உக்காந்திருக்கேன். அது சோத்துக்கு, சரி. இது எதுக்குங்க?”

“அப்போ நாள்காட்டி? துண்டு, துணி? எட்டுன்னு சொன்னதுக்குக் கேசரி கிண்டுனியே?”

“உங்களுக்கு அது சந்தோஷமா இருந்துச்சு. குளத்துல என்ன ஆபத்து இருக்கு? விளையாடிட்டுப் போகட்டுமேன்னு…”

விளையாடிட்டுப் போகட்டுமே! இரண்டு வருஷம். ஃபோனை வைத்துவிட்டேன். அது திரும்பத் திரும்ப அடித்தது, எடுக்கவில்லை. அவள்மேல் கோபம் வந்தது. ஆனால் அதைவிட, கேப்டனிடம் பேசியது நெஞ்சை அறுத்தது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

திரும்பி வந்தபோது அவன் அதே கல்லில் இருந்தான். மற்ற இரண்டு பேரும் கண்டும் காணாமல் வண்டிக்கு அந்தப் பக்கம் துணி மாற்றிக்கொண்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

“தங்கச்சி சொல்லிடுச்சா?”

“ம்.”

“நல்லது. எனக்கு பாரம் கொறஞ்சுது.”

“நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுடா.”

“பேசினது பொய் இல்லையே” என்றான். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். “ஆனா அதை உன் ஒருத்தன்கிட்டதான்டா சொல்லியிருந்தேன்.”

அவன் எழுந்து, வண்டியிலிருந்து, அம்மாள் கொடுத்தனுப்பிய அனுமதித் தாளை எடுத்து வந்தான்.

“நாளைக்கு மதியம் வரைக்கும் இது செல்லும். சத்தியம்தான் போயிடுச்சே, இனிமே நான் எதைக் காப்பாத்தணும்? காலையில ஆபீஸ்ல என் பேரை அடிச்சுட்டு உன் பேரை எழுதறேன். நீ மஞ்சளை இறக்கு. நான் வண்டி ஓட்டிட்டு வர்றேன்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் இரண்டு வருஷமாகக் கேட்டது இதோ, என் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு தாளாக இருந்தது.

“கொஞ்சம் இரு” என்று சொல்லிவிட்டு ஆற்றோரமாக மேல்பக்கம் நடந்தேன். கரையேறும் இடத்தில் தண்ணீர் எப்போதும் சாதுவாகத்தான் இருக்கும், அதனால்தான் அங்கே கரையேறுகிறார்கள். பதினோரு வருஷமாக எல்லா ஆற்றிலும் நான் பார்த்தது அந்தச் சாதுத் தண்ணீரைத்தான். ஒரு நாளாவது இருநூறு அடி மேலே நடந்து போய்ப் பார்க்கத் தோன்றியதில்லை. இப்போது போய்ப் பார்த்தேன்.

இரண்டு பாறைக்கு நடுவில் ஆறு முழுக்க ஒரே இடுக்கில் நுழைந்து விழுந்தது. விழுந்த இடத்தில் தண்ணீர் முன்னால் போகாமல் பின்பக்கமாகச் சுருண்டு சுருண்டு தன்னையே அடித்துக்கொண்டிருந்தது. ஒரு மரக்கட்டை அதில் மாட்டி மேலே வந்தது, உள்ளே போனது, மேலே வந்தது. நான் நின்ற பாறை அதிர்ந்தது. குளத்தில் இந்தச் சத்தம் கிடையாது. பத்துக்கு எட்டு என்றால் என்ன என்று அப்போதுதான் கணக்குப் போட்டேன். மிச்சம் இரண்டு.

பாறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பயம். பச்சையான பயம்.

எழுந்து திரும்பிப் போனேன். கேப்டன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“வேணாம்டா” என்றேன். “முதுகு வலிக்குது.”

அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். “சரி” என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். ஏன் என்று கேட்கவில்லை. நேற்று வரைக்கும் என்றால் கேட்டிருப்பான். நானும், பயமா இருக்குடா, அந்தத் தண்ணியைப் பார்த்ததும் உட்கார்ந்துட்டேன்டா என்று அவனிடம் சொல்லியிருப்பேன். உலகத்தில் அவன் ஒருத்தனிடம்தான் சொல்லியிருப்பேன்.

“கிளம்பலாமா?” என்றான் மாத்திரை. நான் சாவியைத் தேடி எடுத்தேன்.